பொன்னிக்கு வெறி என்று சொன்ன வாய்

வருஷம் ஐம்பத்தைந்தா, ஐம்பத்தாறா என்று சரியாக நினைவில்லை. மாசி மாதம் என்பது மட்டும் நிச்சயம். பூம்பாறையில் அப்போது வெள்ளைப்பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தோம். கொடைக்கானலுக்கு மேற்கே, மலைச் சரிவில் படிப்படியாக இறங்கும் எங்கள் பூண்டுக் காட்டில் ஒரு பகல் பொழுதில் நடந்ததை என் பிள்ளைகளிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை. எங்கள் வீட்டு நாய் பொன்னியைப் பற்றியது அது. என் வாயைப் பற்றியதும்தான்.

நான் பழனிக்காரி. அடிவாரத்தில் அப்பாவுக்குத் தேங்காய் பழக் கடை. எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தேன். மலைக்கு மருமகளாக வந்தபோது, எங்கள் தெருவில் கடிதம் வாசிக்கத் தெரிந்த ஒரே பெண் நான்தான். யாருக்குக் கடுதாசி வந்தாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன கொஞ்சம், நிறையவே உண்டு. யார் எதைப் பேசினாலும் "எங்க பழனியில..." என்று ஆரம்பித்துவிடுவேன். வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். ஒரு வார்த்தை பேசவேண்டுமென்றால் நல்ல நாள் பார்ப்பார்.

கல்யாணமான மறுவருஷமே பொன்னி வந்துவிட்டாள். கொடைக்கானலில் ஒரு துரைசாணி அம்மா பங்களாவுக்கு எங்கள் வீட்டுக்காரர் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். அந்த அம்மா ஒரேயடியாகச் சீமைக்குக் கிளம்பியபோது, பங்களா நாய் போட்ட குட்டிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார்களாம். இவர் ஒன்றைச் சட்டைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு, அத்தனை மைலும் நடந்தே வந்து சேர்ந்தார். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, வந்ததே கோபம்.

"பொட்டக் குட்டியவா தூக்கிட்டு வந்தே? வருசத்துக்கு ஒரு ஈத்து போட்டா யாருலே சோறு போடுறது?" என்று சத்தம் போட்டார். போட்ட கையோடு உள்ளே போய்ப் பாலைச் சுடவைத்துக் கொண்டுவந்தார். பங்களாவில் அதற்கு வைத்திருந்த பேர் எங்கள் யார் நாக்கிலும் புரளவில்லை. பழுத்த எலுமிச்சை நிறத்தில் முடி மின்னியதைப் பார்த்து அத்தைதான் பொன்னி என்று கூப்பிட்டார்.

அப்படி ஒரு நாயை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு காதும் முழ நீளத்துக்குத் தொங்கும். சோறு தின்னும்போது காது கஞ்சியில் நனைந்துவிடும். அத்தை ஒரு துணி நாடாவால் இரண்டு காதையும் உச்சந்தலையில் சேர்த்துக் கட்டிவிடுவார். கொண்டை போட்ட மாதிரி இருக்கும். பார்ப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பொன்னி பாட்டுக்கு மரியாதையாகத் தின்றுவிட்டு, கட்டை அவிழ்த்துவிடச் சொல்லி அத்தை முன்னால் வந்து தலையை நீட்டும்.

எனக்கு முதலில் அதைப் பிடிக்கவே இல்லை. எனக்கு நாய் என்றால் பயம், அதற்குக் காரணமும் உண்டு. எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு பங்குனி உத்திரக் கூட்டத்தில் வெறிநாய் ஒன்று புகுந்துவிட்டது. எங்கள் எதிர்க் கடைக்காரரைக் கெண்டைக்காலில் கடித்தது. அவர் மஞ்சளை அப்பிக்கொண்டு கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தார். ஒன்றரை மாதம் கழித்து அவரை ஓர் அறையில் போட்டுப் பூட்டினார்கள். தம்ளரில் தண்ணீரைக் கண்டாலே அவர் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அந்தச் சத்தம் அடங்கின நாளில் அம்மா எங்களைக் கட்டிக்கொண்டு அழுதது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

அப்படிப்பட்ட என்னையும் பொன்னி மாற்றிவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். என் மூத்த பெண் பிறந்தபோது தூளிக்குக் கீழேயே படுத்துக் கிடப்பாள். குழந்தை முனகினால் போதும், நான் காட்டில் எந்தப் பாத்தியில் இருந்தாலும் தேடி வந்து சேலைத் தலைப்பைப் பிடித்து இழுப்பாள். "வர்றேன்டி, வர்றேன்டி, எனக்குத் தெரியாதாக்கும்" என்று திட்டிக்கொண்டே பின்னால் ஓடுவேன். குழந்தைக்கு நான் அம்மாவா அவள் அம்மாவா என்று எனக்கே சில நேரம் சந்தேகம் வந்துவிடும்.

இனி அந்த மாசி மாதத்துக்கு வருகிறேன்.

பூண்டு பிடுங்கும் காலத்தில் எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தும்மல்தான். தாளோடு கட்டுக் கட்டாகப் பூண்டைப் பரணில் தொங்கவிட்டு, கீழே புகை போடுவோம். கண் எரியும், மூக்கு ஒழுகும். அதனால் பொன்னி இரண்டு நாளாகத் தும்மிக்கொண்டிருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் சோறு தின்னவில்லை. சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் இருட்டில் போய்ப் படுத்துக்கொண்டாள். முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டிக்கொண்டே இருந்தாள். வாயோரத்தில் எச்சில் நுரைத்து வழிந்தது. அதில் லேசாகச் சிவப்பும் இருந்தது.

அன்று காலையில், இரண்டு வயசுக் குழந்தை வழக்கம்போல அவளிடம் போய் மூக்கைப் பிடித்தது. பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தை அவள் காதைத் திருகியிருக்கிறது, வாலை இழுத்திருக்கிறது, ஒருநாளும் அவள் ஒன்றும் செய்ததில்லை. அன்று 'உர்ர்' என்று பல்லைக் காட்டி, வெறுங்காற்றில் ஒரு கடி கடித்தாள்.

நான் போட்ட சத்தத்தில் காட்டில் இருந்தவர்களெல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். குழந்தையைத் தூக்கிப் பார்த்தால் காயம் இல்லை. கை முழுக்க அந்தச் சிவப்பு எச்சில்.

"வெறி! இது வெறிதான்! ஐயோ முருகா, என் புள்ள கையில பட்டுருச்சே!"

வீட்டுக்காரர் குனிந்து பொன்னியைப் பார்த்தார். அன்றைக்கென்று அவருக்கு நல்ல நாள் அமைந்ததோ என்னவோ, வாயைத் திறந்தார். "மூக்குல அட்ட கிட்ட ஏறியிருக்குமோ?" என்றார்.

நான் சும்மா விடுவேனா? "நல்லாருக்கு போங்க! மழை பேஞ்சு மூணு மாசமாச்சு. காலுல ஏற ஒரு அட்டையக் காணோம், மூக்குல ஏறுதாக்கும்! எங்க பழனியில நான் கண்ணால பாத்திருக்கேன். உங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் எழுந்து நகர்ந்துகொண்டார். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குதித்த குதியில் அவரும் அடங்கிவிட்டார். அந்த ஊரில் வெறிநாயைக் கண்ணால் பார்த்தவர் என்று வேறு யாரும் இல்லை. அந்த விஷயத்தில் நான்தான் மேஸ்திரி.

அதோடு விட்டேனா? நிரூபித்தும் காட்டினேன். வெறி பிடித்தது தண்ணீரைக் கண்டால் மிரளும், அதுதான் அடையாளம் என்று சொல்லி, ஒரு கும்பாவில் தண்ணீர் கொண்டுவந்து தள்ளி வைத்தேன். பொன்னிக்கு நாக்கு வறண்டு கிடந்தது. ஆசையாகத்தான் வந்தாள். மூக்கைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் யாரோ அடித்த மாதிரி துள்ளிப் பின்னால் போனாள். தலையை உதறினாள். எச்சில் சுவரெல்லாம் தெறித்தது. மறுபடி வந்தாள், மறுபடி அதேதான். மூன்று தடவை.

"பாத்தீங்களா?" என்றேன். வீட்டுக்காரர் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது. அத்தை முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் கட்டிப்போடச் சொல்ல, வீட்டுக்காரர்தான் மாட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு போய், காட்டோரத்துப் பேரிக்காய் மரத்தில் பொன்னியைக் கட்டினார். கூப்பிட்டதும் அவளே பின்னால் போய்க் கழுத்தைக் கொடுத்தாள். அவர் ஒரு முடிச்சுப் போட்டார், அவிழ்த்தார், இறுக்கமாக இருக்கிறதோ என்று விரலை விட்டுப் பார்த்தார், மறுபடி போட்டார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் யார் முகத்தையும் பார்க்காமல் பூண்டு பிடுங்கப் போய்விட்டார்.

காட்டுப்பன்றி விரட்ட எங்கள் பங்காளி வகையறாவில் ஒரே ஒரு துப்பாக்கி இருந்தது. அது என் பெரிய மாமனாரிடம், அதாவது வீட்டுக்காரரின் பெரியப்பாவிடம், மேல்காட்டுக் குடிசையில் இருக்கும். எங்கள் காட்டில் வேலை செய்த ஓர் ஆளை, வந்து சுடச் சொல்லி அங்கே அனுப்பினோம். அவன் மதியம் திரும்பி வந்து, "கெழங்கு மூட்ட கட்டுற சோலி கெடக்காம். முடிச்சுட்டுப் பொழுது சாயறதுக்குள்ள வந்துர்றேன்னு சொன்னாருங்க" என்றான்.

அந்தப் பகல் எப்படிப் போனதென்று எனக்குத்தான் தெரியும். குழந்தையின் கையைச் சீயக்காய் போட்டு ஏழெட்டுத் தடவை கழுவினேன். அவள் கத்தக் கத்தக் கழுவினேன். விடிந்ததும் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தொப்புளைச் சுற்றி ஊசி போடவேண்டும் என்று நினைத்து நினைத்து மறுபடியும் கழுவினேன். பொன்னி படுத்திருந்த சாக்குகளைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன். வீட்டில் இருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றி ஊற்றித் தரையைக் கழுவினேன். கடைசியில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போகவேண்டியதாயிற்று.

ஊற்றிலிருந்து வரும் பாதை அந்தப் பேரிக்காய் மரத்துக்கு நேர் மேல்படியில் வரும். போகும்போது அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நிறைகுடத்தோடு திரும்பி வரும்போது என்னையறியாமல் பார்த்துவிட்டேன். பொன்னி எழுந்து நின்று வாலை ஆட்டினாள்.

என்னைப் பார்த்து வாலாட்டினாள், அந்தப் பாவி மகள்! அவளைக் கொல்ல ஆள் அனுப்பிவிட்டு வந்து நிற்கிறேன், அவளுக்கு என்னைக் கண்டதில் அத்தனை சந்தோஷம். அப்படியே கல்வரப்பில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். உட்கார்ந்த வேகத்தில் குடம் சாய்ந்து பாதித் தண்ணீர் வரப்பு வழியாகக் கீழே ஓடியது. மரத்தடியில் பாறையில் ஒரு குழி இருந்தது, அதில் போய்த் தேங்கியது.

பொன்னி கயிறு எட்டும் மட்டும் இழுத்துக்கொண்டு போய் அந்தக் குழியில் மூக்கை வைத்தாள். இப்போது துள்ளப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் கண்டேன். அவள் இடது மூக்கிலிருந்து கறுப்பாக ஏதோ ஒன்று, நனைந்த கயிறு மாதிரி, மெல்ல நீண்டு வெளியே வந்தது. தண்ணீரைத் தொட்டது. பொன்னி வலி தாங்காமல் தலையை உதறித் துள்ளினாள். அது சரக்கென்று உள்ளே போய்விட்டது.

ரத்தக்கட்டோ என்று முதலில் நினைத்தேன். அவள் மறுபடி மூக்கை வைத்தாள். மறுபடி அது வந்தது. இந்தத் தடவை அது நெளிந்ததைப் பார்த்தேன்.

அட்டை! அந்த மனுஷன் சொன்ன அதே அட்டை. மழைக்காலத்தில் காலில் ஏறும் அட்டை வேறு, இது வேறு. கோடையில் தண்ணீர் வற்றும்போது, குட்டையில் வாய் வைக்கும் ஆடு மாட்டின் மூக்கில் ஏறிக்கொண்டு உள்ளேயே கிடந்து ரத்தம் குடித்துப் பெருக்கும் ஜாதி. தண்ணீர் வாசனை பட்டால்தான் தலையை நீட்டும். நான் பெரிய பரீட்சை வைக்கிறேன் என்று கும்பாவை நீட்டினேனே, அப்போது அந்தப் பிராணி வெறியால் மிரளவில்லை. மூக்குக்குள் அது நெளிந்த வேதனையில் துள்ளியிருக்கிறது. மலையில் பிறந்தவர்களுக்கெல்லாம் இது தெரியும். எங்கள் பழனியில் தெரியாது.

எப்படிக் கீழே குதித்தேன் என்று தெரியவில்லை. மிச்சத் தண்ணீரைக் குழியில் ஊற்றினேன். அட்டை தலை நீட்டியதும் விரலால் பிடித்தேன். வழுக்கிக்கொண்டு போய்விட்டது. சேலைத் தலைப்பால் பிடித்தேன். அப்போதும் போய்விட்டது. "என்னங்க! அத்தே! வெரசா வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர்கள் வருவதற்குள் மேல்படியில் பெரிய மாமனார் வந்து நின்றார், கையில் துப்பாக்கியோடு.

"ஏத்தா! புத்தி கித்தி கெட்டுப்போச்சா? வெறிநாய்கிட்ட ஒக்காந்திருக்கே? தள்ளுத்தா!"

"மாமா, சுட்றாதீங்க மாமா! அட்ட மாமா, அட்ட!"

அவருக்கு என்ன புரியும்? "தள்ளுத்தாங்கிறேன்ல!" என்று துப்பாக்கியை உயர்த்தினார். நான் பொன்னியின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நேரத்தில்கூட எனக்குள் ஒரு பயம் இருந்தது. அட்டை இருப்பது நிஜம். அதோடு வெறியும் இருந்துவிட்டால்? அவள் எச்சில் என் கன்னத்தில் ஒழுகுகிறது. வீட்டில் பிள்ளை இருக்கிறது. விட்டுவிட்டு எழுந்து ஓடு என்று மனசு சொன்னது, கை கேட்கவில்லை.

நல்லவேளை, வீட்டுக்காரர் காட்டிலிருந்து ஓடிவந்துவிட்டார். பின்னாலேயே அத்தையும் வந்தார். நான் கத்தியதில் அட்டை என்ற சொல் அத்தை காதில் விழுந்திருக்கிறது. கை நிறைய அடுப்புச் சாம்பலோடு வந்தார். "நானும் காலையிலேயே நெனச்சேன் தாயி" என்று ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். வீட்டுக்காரர் பொன்னியின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். நான் பாறைக்குழித் தண்ணீரை அள்ளி அள்ளி மூக்கருகில் காட்டினேன். அத்தை இரண்டு விரலிலும் சாம்பலைத் தடவிக்கொண்டு காத்திருந்தார். அது தலை நீட்டியது. அவசரப்படாமல், இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று விட்டு, நச்சென்று பிடித்து ஒரே இழுப்பு. என் நடுவிரல் நீளம் இருந்தது.

பொன்னி மூன்று தும்மல் போட்டாள். மூன்றும் என் முகத்தில். ரத்தமும் சளியுமாக நான் நின்ற கோலத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. பிறகு குழியில் இருந்ததையெல்லாம் நக்கிக் குடித்து முடித்து, வெறுங்குடத்துக்குள் தலையை விட்டுத் தேடினாள். வீட்டுக்காரர் ஓடிப்போய் இன்னொரு குடம் கொண்டுவந்தார். அதிலும் பாதியைக் குடித்தாள்.

பெரிய மாமனார் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு கீழே இறங்கி வந்தார். எங்களை ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார். யாரும் கேட்பதற்கு முன்னால், என் வாய் பேசாத வீட்டுக்காரர் பேசினார்.

"நாந்தான் பெரியப்பா வெறின்னு தப்பா நெனச்சுட்டேன். நல்லவேளை, இந்தப் புள்ள பாத்துச்சு."

பெரிய மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "ஏலே, மலையில பொறந்து வளந்தவன், ஒரு அட்டைய அடையாளந் தெரியலையா ஒனக்கு?" என்றார்.

நான் என்ன செய்தேன்? 'இல்லை மாமா, நான்தான் சொன்னேன்' என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது. வாழ்நாளெல்லாம் மூடாத என் வாய் அன்று மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு ஊரில் எனக்கு ஏகப்பட்ட பேர். ஊற்றடியில் பெண்கள், "துப்பாக்கிக்கு முன்னாடி போயி ஒக்காந்துச்சாமே! பழனிப் புள்ளன்னா சும்மாவா" என்பார்கள். டீக்கடைப் பக்கம் வீட்டுக்காரர் போனால், "வாங்க நாய் வைத்தியரே" என்று கேலி. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வருவார். ஒருநாள் மனசு கேட்காமல், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "இதுல என்ன கெடக்கு புள்ள? நீ வாக்கப்பட்டு வந்தவ. நாலு பேரு ஒரு சொல்லு சொன்னா ஒனக்கு உறுத்தும். எனக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

நான் அடுத்த வருஷம் சொல்லிவிடலாம், அதற்கடுத்த வருஷம் சொல்லிவிடலாம் என்றே இருந்துவிட்டேன். பிற்பாடு ஊருக்கு வந்த மாட்டு டாக்டர் ஒருவரிடம் பேசியபோது இன்னொன்றும் தெரிந்தது. வெறி பிடித்த நாய் தண்ணீரைக் கண்டு மிரண்டே ஆகவேண்டும் என்பது இல்லையாம். நான் வைத்த பரீட்சையே தப்பு.

பொன்னிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அன்றிலிருந்து அவள் என் காலையே சுற்றிக்கொண்டிருப்பாள். நான் பாத்தி மாறினால் அவளும் மாறுவாள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு, எனக்கு முகத்தைக் காட்டிவிட்டு, மணி அடிக்கும் நேரத்துக்கு மறுபடி போய் அழைத்து வருவாள். இரண்டு ஈத்து போட்டாள். காது தொங்கும் குட்டிகள் வில்பட்டி வரைக்கும் போயின. கோடை வந்துவிட்டால் அவளைக் குட்டைப் பக்கம் விடமாட்டேன். காட்டுக்குப் போகும்போது அவளுக்கென்று ஒரு செம்பில் தனியாகத் தண்ணீர் எடுத்துப் போவேன். "மனுசிக்கு எடுத்தாளோ இல்லையோ, நாய்க்கு எடுத்துட்டா" என்று அத்தை கிண்டல் செய்வார்.

பத்து வருஷம் அப்படி ஓடியது. அத்தையும் காலமாகிவிட்டார். பொன்னிக்குப் பல் போய், கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. காதைக் கட்டிவிட்டுக் கஞ்சியைக் கையால் ஊட்டுவது என் வேலையாயிற்று. ஒருநாள் காலை வெயிலில் நான் விதைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவள் என் பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தாள். கால் மரத்துப்போகிறதே, கொஞ்சம் நகரடி என்று குனிந்தபோதுதான் தெரிந்தது, அவள் போய்விட்டாள். ஒரு முனகல்கூட இல்லை. கால் மரத்தாலும் பரவாயில்லை என்று அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

காட்டோரத்தில் வீட்டுக்காரர் குழி வெட்டினார். தெருவில் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். பெரிய மாமனாரும் தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். நான் அழுதுகொண்டே இருந்ததைப் பார்த்து, தேற்றுகிற மாதிரி பழைய கேலியை எடுத்தார். "அழுவாதத்தா. அன்னைக்கு இவன் பேச்சக் கேட்டிருந்தா இது பத்து வருசத்துக்கு முன்னயே போயிருக்கும். ஒன்னாலதான இம்புட்டு நாளு இருந்துச்சு."

குழிக்குள் நின்ற வீட்டுக்காரர் வழக்கம்போலச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, அதோடு சிரிக்கிறார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"இல்ல மாமா. வெறின்னு சொன்னது நான். அட்டையா இருக்கும்னு இவுக அப்பவே சொன்னாக. நான்தான் வாயடிச்சு அடக்கிட்டேன். கட்டிப்போடச் சொன்னதும் நான்தான். இவ்வளவு நாளா சொல்லாமயே இருந்துட்டேன்."

யாரும் ஆச்சரியப்படவில்லை. பெரிய மாமனார் தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும்த்தா" என்றார். "அன்னைக்கு மேல்காட்டுக்கு வந்தவன் என்கிட்ட என்ன சொன்னான்னு நெனைக்கிறே? 'பழனிப் புள்ளயே பாத்துச் சொல்லிருச்சு, வெறிதான்'னான். அதனாலதான் தாயி துப்பாக்கிய எடுத்தேன். இவன் சொல்லி அனுப்பியிருந்தா, வேற ஆள் பாருலேன்னு சொல்லிருப்பேன். இவன் பழிய ஏத்துக்கிட்டு நிக்கிறப்ப, சரி, இருந்துட்டுப் போகட்டும்னு நாங்களும் விட்டுட்டோம்."

சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். ஊற்றடியில் என்னைப் புகழ்ந்த பெண்களும் அதில் இருந்தார்கள். ஒருத்தி முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "விடுக்கா, புள்ளய வச்சிருக்கிற எவளா இருந்தாலும் அப்படித்தான் பதறுவா" என்றாள். வீட்டுக்காரர் குழிக்குள்ளிருந்து கையை நீட்டினார். நான் பொன்னியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன்.

அன்று மண்ணைத் தள்ளும்போது நான் அழுதது பொன்னிக்காக மட்டும் இல்லை. என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை நம்பி ஒரு பெரிய மனுஷர் துப்பாக்கியை எடுத்திருக்கிறார். அது பொய்த்த பிறகும் எனக்கு ஒரு தலைகுனிவு வரக்கூடாது என்று ஊரே பத்து வருஷம் ஒன்றும் தெரியாதது போல இருந்திருக்கிறது. அவ்வளவு பெரிய மதிப்பை நான் எத்தனை அலட்சியமாக வாரி இறைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் எதையாவது அடித்துச் சொல்ல வாய் துறுதுறுக்கும்போது ஒரு நிமிஷம் நிறுத்திக்கொண்டு, பக்கத்தில் பேசாமல் இருப்பவர் மனசில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டுவிடுகிறேன். அந்த ஒரு நிமிஷத்தில் எப்போதும் என் பொன்னிதான் இருக்கிறாள்.